இதய, மூளை மின்பதிவுப் பயிற்சி வகுப்பு: கட்டணத்துக்குத் தகுமா?

இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜி, மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி இரண்டையும் எடுக்கும் தொழில்நுட்பராக வேலையைத் தொடங்க விரும்புவோருக்கெனச் சிங்கப்பூரில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் நடத்தும் பகுதிநேர வகுப்பை அண்மையில் முடித்தேன். வார நாள்களில் மாலையிலும் சனிக்கிழமைகளில் காலையிலும் வகுப்பு நடந்தது. மருந்தகம் (கிளினிக்) ஒன்றின் பதிவு முகப்பில் பல ஆண்டுகளாக வேலை பார்த்துவரும் எனக்கு, நோயாளியின் பெயரைக் கணினியில் ஏற்றுவதோடு நின்றுவிடாமல் அவருடைய பரிசோதனையிலும் பங்குள்ள வேலைக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, அதனால் சேர்ந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈசிஜி பகுதிக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை. ஈஈஜி பகுதி விளம்பரத் தாளில் சொன்னதில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்தச் சான்றிதழை மட்டும் நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடக் கூடாது.

விளம்பரத் தாளில் 'இதய, மூளைக் கண்காணிப்புத் தொழில்நுட்பர்' என்று ஒரே வேலையைப்போல அச்சிட்டிருந்தார்கள். மருத்துவமனைகளில் இவை இரு வேறு பிரிவுகளின் வேலைகள். இதயப் பிரிவில் இருப்பவர் ஈசிஜி எடுப்பார். டிரெட்மில் பரிசோதனையின்போது நோயாளியின் பக்கத்தில் நின்று ரத்த அழுத்தத்தையும் திரையையும் மாறி மாறிக் கவனிப்பார். நோயாளி உடலில் அணிந்தபடி நடமாடும்போதே ஈசிஜியைத் தொடர்ந்து பதியும் ஹோல்ட்டர் கருவியைப் பொருத்தி அனுப்புவார். அனுபவம் கூடியபின் இதயக் குழாய்ச் சிகிச்சைக் கூடத்தில் கண்காணிப்புப் பணிக்குப் போவார். நரம்பியல் பிரிவில் இருப்பவருக்கு ஈஈஜியோடு நரம்புக் கடத்தல் சோதனை, கண்ணிலும் காதிலும் தூண்டல் கொடுத்து மூளையின் மறுமொழியை அளக்கும் சோதனை, அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே நரம்புகளின் நிலையைப் பார்த்துக்கொள்ளும் பணி என்று போகும் பாதையே வேறு. ஊட்ரமில் இருக்கும் தேசிய இதய நிலையமும், நொவீனாவில் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் தேசிய நரம்பியல் மருத்துவக் கழகமும் வெவ்வேறு நிறுவனங்கள். இரண்டையும் சேர்த்துக் கற்றவர் என்பதற்காக எந்தப் பிரிவும் கூடுதல் மதிப்பு கொடுக்கப்போவதில்லை. சேர்வதற்கு முன்பு இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. வகுப்பின் நடுவில் ஆசிரியை ஒருவர் போகிற போக்கில் சொன்ன பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

ஈசிஜி பகுதியை நடத்தியவர், மருத்துவமனை இதயப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சீனப் பெண்மணி. பாடப் படங்களைத் திரையில் ஓடவிட்டுப் படித்துக் காட்டுகிற ஆசிரியர் அல்லர். முதல் நாளே இருவர் இருவராகப் பிரித்து, மார்பெலும்பின் மேட்டைத் தேடச் சொன்னார். கழுத்துக்குழியிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கினால் மார்பெலும்பில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டோடு பக்கவாட்டில் சேர்வது இரண்டாம் விலா எலும்பு. அதற்கு அடியில் இருக்கும் பள்ளம் இரண்டாம் இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு பள்ளங்கள் எண்ணி இறங்கினால் நான்காம் இடைவெளி வரும். மார்பில் ஒட்டும் ஆறு எலக்ட்ரோடுகளுக்கு, அதாவது மின்முனைகளுக்கு, வி1 முதல் வி6 வரை பெயர். அந்த இடைவெளியில் மார்பெலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. பிறகு வி3-ஐ விட்டுவிட்டு, ஐந்தாம் இடைவெளியில் காறை எலும்பின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே வி4-ஐ ஒட்ட வேண்டும். வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3 தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும். வி4 இருக்கும் மட்டத்திலேயே அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6. கைகால்களில் நான்கு, மார்பில் ஆறு என மொத்தம் பத்து எலக்ட்ரோடுகள். அவற்றிலிருந்து, இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும் பன்னிரண்டு லீட் பதிவு கிடைக்கிறது.

கண்மதிப்பில் ஒட்டுவதை அவர் ஒருபோதும் அனுமதிக்கவில்லை. வி1, வி2 இரண்டையும் ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிடுவது வேலையில் இருப்பவர்களிடமே அடிக்கடி காணப்படும் பழக்கம் என்றும், அப்படி ஒட்டினால் இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோல வரைபடம் காட்டக்கூடும் என்றும் சொல்லி, அதே ஆளுக்குச் சரியான இடத்தில் ஒரு முறையும் மேலே தள்ளி ஒரு முறையும் பதிவு எடுத்து, இரண்டு தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். மார்பகத்தின் அடியில் வி4 வரும் பெண்களுக்கு எப்படி முன்கூட்டியே சொல்லி, புறங்கையைப் பயன்படுத்தி, போர்வையை எந்த அளவுக்கு விலக்கி ஒட்டுவது என்பதையும் வெட்கப்படாமல், நாகரிகமாகக் கற்றுக்கொடுத்தார்.

அவருடைய வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பி மாற்றும் பயிற்சி. நாங்கள் அறைக்கு வெளியே நிற்கும்போது வலக்கைக் கம்பியையும் இடக்கைக் கம்பியையும் வேண்டுமென்றே மாற்றி மாட்டிவிட்டு, வெளிவந்த தாளை மட்டும் கையில் கொடுத்து என்ன கோளாறு என்று கேட்பார். லீட் 1 தலைகீழாக இருக்கும்; வழக்கமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டிய ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்து நிற்கும். இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கும் லீட் 1 இப்படித்தான் வரும் என்று ஒருவர் சொன்னதும், அப்படியானால் மார்பு லீட்களைப் பாருங்கள் என்றார். வி1-இலிருந்து வி6 வரை அலையின் உயரம் வழக்கம்போல வளர்ந்தால் கம்பிதான் மாறியிருக்கிறது. வளராமல் தேய்ந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறதா, 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம் வருகிறதா என்று ஓரத்தில் இருக்கும் அளவுக் குறியைப் பார்க்காமல் யாராவது தாளைக் கிழித்தால், அந்தத் தாளை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார். இந்தக் கண்டிப்பு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

நம்மவர்களுக்குப் பயன்படும் சில நுணுக்கங்களும் இந்தப் பகுதியில் கிடைத்தன. தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுப் பதறும் பாட்டிகளை நான் முகப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டியதில்லை, எலக்ட்ரோடிலும் கம்பியிலும் படாதபடி ஒதுக்கி வைத்தால் போதும். சோதனை அறையின் குளிரில் நோயாளி நடுங்கினால் தசையின் அதிர்வு வரைபடத்தில் பொடிப்பொடியாக விழும்; வயதானவர்களுக்கு முதலில் போர்வையைப் போர்த்திவிட்டு, "பாட்டி, மூச்சைப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க, கையை அப்படியே தளர்த்தி வைங்க" என்று அவர்களுடைய மொழியிலேயே சொன்னால் பாதிக் கோளாறு குறைந்துவிடும். தமிழ் பேசத் தெரிந்த தொழில்நுட்பருக்கு இங்கே ஒரு தனிப் பயன் உண்டு என்பதை ஆசிரியையே சொன்னார்.

டிரெட்மில், ஹோல்ட்டர் இரண்டையும் வேகமாகத் தாண்டினார்கள். டிரெட்மில் பரிசோதனைக்கான புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்ற அளவில் முடிந்தது. அறிமுக வகுப்புக்கு அதுவே போதும்.

ஈஈஜி பகுதிக்கு வந்தபோது வேறு ஆசிரியர், வேறு தரம். இங்கே பாடமே கடினமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதயத்தின் மின்துடிப்பு தோலின்மேல் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் அளவுக்குக் கிடைக்கிறது. மண்டையோட்டைத் தாண்டி உச்சந்தலைக்கு வந்து சேரும் மூளை அலையோ பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். அதாவது இதயத் துடிப்பில் பத்தில் ஒரு பங்கு, சில வேளைகளில் நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அலையைப் பிடிக்க வேண்டுமானால் தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலுள்ள மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. தலைமுடியை வகிடெடுத்து, சொரசொரப்பான பசையைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தோலை மெல்லத் தேய்த்து, கடத்தும் பசையோடு எலக்ட்ரோடை அழுத்தி வைக்கும் அந்தக் கைப்பழக்கம்தான் இந்த வேலையின் உயிர். அதை வாயால் சொல்லிக் கற்றுத்தர முடியாது.

தலையை அளக்கும் முறையை மட்டும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-இல் வெளியிட்ட பத்து-இருபது முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். மூக்கின் தொடக்கத்தில் இரு கண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் தட்டுப்படும் மேடு வரை நாடாவை வைத்து அளக்க வேண்டும். 36 சென்டிமீட்டர் வந்தால், பள்ளத்திலிருந்து பத்து விழுக்காடு, அதாவது 3.6 சென்டிமீட்டரில் முதல் குறி. அடுத்த குறிகள் இருபது விழுக்காடு, அதாவது 7.2 சென்டிமீட்டர் இடைவெளியில். மூன்றாவது குறி சரியாக 18-இல், பாதி வழியில் விழும். இரு காதுகளுக்கும் முன்னால் இருக்கும் குழிகளுக்கு இடையிலும் இப்படியே அளந்தால் அந்தப் பாதிப் புள்ளியும் இதே இடத்தில் வந்து வெட்ட வேண்டும். வெட்டவில்லையென்றால் நாடா எங்கோ நழுவியிருக்கிறது. காதுகளில் வைப்பவற்றையும் சேர்த்து மொத்தம் 21 இடங்கள். இடப்பக்கத்துக்கு ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கத்துக்கு இரட்டைப்படை எண்கள். மெழுகுப் பென்சிலால் தலையில் குறியிடும்போது கணக்கு மனத்தில் ஓட வேண்டும். பழகாதவர்களுக்கு இதற்கே நெடுநேரம் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான நேரம் எங்களுக்குக் கொடுத்தது முடியே இல்லாத ரப்பர் தலை. வழுக்கைத் தலையில் குறியிட யாராலும் முடியும். அடர்ந்த சுருள் முடியிலும், எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடையிலும், நரைத்து மெலிந்த முடியிலும் வகிடெடுத்துப் பசை வைப்பதுதான் வேலை. உண்மையான தலைமுடியில் பயிற்சி என்று ஒதுக்கியது கடைசிக் கட்டத்தில் ஒரே ஓர் அமர்வு. கருவியும் ஒன்றே ஒன்று. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஓரிரு எலக்ட்ரோடு வைக்கும் வாய்ப்புக் கிடைத்ததே பெரிது. அன்று வந்த சக மாணவி ஒருவர் தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு வந்திருந்தார். மின்தடை இறங்கவே இல்லை. தலையை அலசி, எண்ணெயோ ஜெல்லோ தடவாமல் வர வேண்டும் என்பது ஈஈஜிக்கு வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பே சொல்ல வேண்டிய குறிப்பு. பயிற்சி நிலையம் அதை மாணவர்களுக்கே சொல்லாமல் விட்டது வியப்பாக இருந்தது.

இடையூறு அலைகளைப் பற்றிய பாடமும் இப்படித்தான். கண் சிமிட்டல் எப்படித் தெரியும், தாடையை இறுக்கினால் என்ன ஆகும், சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எப்படிக் கம்பியில் ஏறும் என்பதையெல்லாம் அச்சுத் தாளில் காட்டினார்கள். அந்தத் தாள்கள் நகலுக்கு நகல் எடுத்தவை. பல இடங்களில் அலைக்கும் கறைக்கும் வேறுபாடு தெரியவில்லை. எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வரும் நோயாளியின் வியர்வை, பதிவில் மெல்ல ஏறி இறங்கும் நீண்ட அலையாக விழும் என்பது சிங்கப்பூரில் நாள்தோறும் சந்திக்கக்கூடிய விஷயம். கருவியை ஓடவிட்டு, ஒருவரைக் கண்ணை மூடித் திறக்கச் சொன்னாலே, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை பின்மண்டையில் தோன்றி மறைவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மாறாக, ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியின் யேனாவில் 1924-இல் முதல் மனித ஈஈஜியை எடுத்து 1929-இல் வெளியிட்டதையும், வில்லெம் ஐந்தோவன் அதே 1924-இல் ஈசிஜிக்காக நோபல் பரிசு பெற்றதையும் ஒரு மாலை முழுவதும் கேட்டோம். சுவையான வரலாறுதான், ஆனால் அந்த மாலையை ரப்பர் தலைக்குப் பதிலாக மனிதத் தலைகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

பாதுகாப்புப் பாடம் ஒன்று மட்டும் இந்தப் பகுதியில் திருப்தியாக இருந்தது. பதிவின் நடுவே நோயாளியை மூன்று நிமிடம் ஆழமாக மூச்சிழுத்து விடச் சொல்வார்கள். சில வலிப்பு வகைகள் அப்போது வெளிப்படும். அண்மையில் பக்கவாதம் வந்தவருக்கும், கடுமையான இதய அல்லது நுரையீரல் நோய் உள்ளவருக்கும், மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் குறுகிப்போகும், கிழக்காசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் மோயாமோயா நோய் உள்ளவருக்கும் அதைச் செய்யக் கூடாது. படிவத்தைப் படிக்காமல் நோயாளியை மூச்சிழுக்கச் சொல்லும் தொழில்நுட்பர் ஆபத்தானவர் என்று ஆசிரியர் அழுத்திச் சொன்னார்.

இரு ஆசிரியர்களும் ஒரே குரலில் வலியுறுத்திய மற்றொன்று, வாயைக் காப்பது. பதிவு முடிந்ததும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் நல்லா இருக்கா, தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். நல்லா இருக்கு என்றும் சொல்லக் கூடாது, நெற்றியைச் சுருக்கவும் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்வார் என்று இயல்பாகச் சொல்லத் தெரிய வேண்டும். அதே நேரத்தில், உடனடி ஆபத்தைக் காட்டும் வரைபடத்தை அடையாளம் கண்டு மருத்துவரை ஓடிப்போய் அழைக்கும் அளவுக்கு அறிவும் வேண்டும். இதைப் பாத்திரமேற்று நடித்துப் பழகச் செய்தார்கள். நன்றாக இருந்தது.

இதயமும் மூளையும் ஒரே வேலையில் உண்மையாகவே சேரும் இடம் ஒன்று உண்டு: தூக்கப் பரிசோதனைக் கூடம். இரவு முழுவதும் தூங்கும் ஒருவருக்கு ஈஈஜி, கண் அசைவு, தாடைத் தசை, ஈசிஜி, மூச்சோட்டம், மார்பு வயிற்று அசைவு, ரத்த ஆக்சிஜன், கால் அசைவு எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். இரண்டு திறன்களையும் ஒரு சான்றிதழில் கட்டித் தரும் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரே ஒரு படம் திரையில் ஓடி மறைந்தது. இரவு வேலையாக இருக்கும் என்பதைக்கூட மாணவர்கள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். இரண்டையும் ஒன்றாக விற்பவர்கள் இந்த இடத்தை இப்படி விட்டதுதான் இந்த வகுப்பின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை.

இனிப் பணம். கட்டணம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு அரசு தரும் 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையை இதற்குப் பயன்படுத்த முடிந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் முதல் வழங்கப்படும் 4,000 வெள்ளிக் கூடுதல் தொகை, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டுமே செல்லும். இந்த வகுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பேசியதால், என் வகுப்பில் ஒருவர் முழுத் தொகையும் கழிந்துவிடும் என்று எண்ணிச் சேர்ந்து, பிறகு மீதியைக் கையிலிருந்து கட்டினார். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்பின் பெயரைத் தேடி நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

சான்றிதழின் மதிப்பு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனைகள் வெளியிடும் வேலை விளம்பரங்களைப் பார்த்தால், பெரும்பாலும் உயிர்மருத்துவ அறிவியல், உயிர்மருத்துவப் பொறியியல், தாதிமை போன்ற துறையில் டிப்ளோமா அல்லது பட்டம் கேட்கிறார்கள். உள்ளே எடுத்தபின் தங்கள் கருவியில், தங்கள் முறைப்படி தாங்களே பயிற்சி கொடுக்கிறார்கள். துறை மாறுவோருக்கு வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் நடத்தும் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டங்களிலும் பெரும்பாலும் முதலாளி முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு பிறகுதான் பயிற்சி. ஆகவே பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமா கையில் உள்ளவர்களுக்கு இந்த வகுப்பு நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு உதவும். அடிப்படைத் தகுதி இல்லாதவர்களுக்கு இது மருத்துவமனைக் கதவைத் திறக்காது. இதயத் துடிப்பு மீட்பு முதலுதவிச் சான்றிதழும் இதில் சேரவில்லை. அதைத் தனியாகப் பணம் கட்டித்தான் எடுக்க வேண்டும். வகுப்பில் கொடுத்த தாளில் அமெரிக்க அமைப்பான ஏபிரெட் நடத்தும் ஈஈஜித் தேர்வின் பெயர் இருந்ததைப் பார்த்துச் சிலர் அந்தத் தேர்வுக்கே இது வழி என்று நினைத்தார்கள். ஏட்டுக்கல்வியோடு நிறையப் பதிவுகளைத் தம் கையால் எடுத்த அனுபவமும் கேட்கும் தேர்வு அது. இவ்வளவு குறுகிய வகுப்பு அதன் அருகில்கூடப் போகாது.

என்னைப்போல மருந்தகத்தில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் ஈசிஜி பகுதிக்காகத் தயங்காமல் சேரலாம். மருந்தகங்களிலேயே ஈசிஜி எடுக்க ஆள் தேவைப்படுவதால் கற்றது உடனே கைக்கு வரும். என் மருந்தகத்தின் தாதி இப்போது என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பதிவு எடுக்கிறார். ஈஈஜிக்காக மட்டும் சேர நினைப்பவர்கள், ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள், உண்மையான தலையில் எத்தனை அமர்வுகள், பயிற்றுநர் இப்போதும் வேலையில் இருப்பவரா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் ஆர்வம் உள்ளவர்கள் இப்போதைக்கு இந்த வகுப்பைத் தவிர்த்துவிடலாம்.